உஷார்! என்ஜின் சத்தம் நின்றுவிட்டதா? காரை விட்டு இறங்கிவிடாதீர்கள்!

இப்போதைய பல கார்களில், சிக்னலில் நின்றதும் என்ஜின் தானாக அடங்கும். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், மேனுவல் வண்டியில் கிளட்ச்சை மிதித்தால், தானாகவே மறுபடி ஓடத் தொடங்கும். 2015-இல் மாருதி சியாஸ் இதை 'ஸ்மார்ட் ஹைப்ரிட்' என்ற பெயரில் கொண்டுவந்தபோது வேடிக்கையாகப் பார்த்தோம். இன்று எர்டிகா, கிரெட்டா என்று குடும்ப வண்டிகளிலும் வந்துவிட்டது. பெட்ரோல் மிச்சம் என்பது நமக்குச் சொல்லப்படும் காரணம். விற்கும் கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மத்திய அரசு வரம்பு விதித்து, 2022-இல் அதை இறுக்கியும் விட்டது. கம்பெனிகளுக்கு அந்தக் கணக்கும் இருக்கிறது.

வண்டி எடுக்கும் நாளில் ஷோரூமில் மாலை உண்டு, எலுமிச்சம்பழம் உண்டு, குடும்பத்தோடு போட்டோ உண்டு. இந்த ஏற்பாடு எப்போது நம் காலை வாரும் என்று சொல்லத்தான் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

முதல் ஆபத்து, காதை நம்புவது. ஆட்டோமேட்டிக் கார், கியர் 'டி'-யில் இருக்கிறது, கால் பிரேக்கில். நண்பரை இறக்கிவிட நிறுத்துகிறீர்கள். சத்தமே இல்லை. டிக்கியிலிருந்து பையை எடுத்துக் கொடுக்கலாம் என்று கதவைத் திறந்து இறங்குகிறீர்கள். பிரேக்கிலிருந்து கால் எடுத்த அந்த நொடியில் என்ஜின் உயிர்பெற்று, வண்டி மெல்ல முன்னால் நகரலாம். ஸ்டியரிங்கில் ஆள் இல்லை. கதவைத் திறந்தால், சீட் பெல்ட்டைக் கழற்றினால் என்ன ஆகும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடுகிறது. சிலவற்றில் என்ஜின் தானாக ஓட ஆரம்பிக்கும். சிலவற்றில் முழுசாக நின்றுபோய், நீங்களே ஸ்டார்ட் செய்யும்வரை பஸ்ஸர் அடிக்கும். உங்கள் வண்டி எந்த ரகம் என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள். எந்த ரகமானாலும் கியரை 'பி'-க்குத் தள்ளி, ஹேண்ட்பிரேக் போட்டு, பட்டனை அழுத்தி அணைத்த பிறகுதான் இறங்க வேண்டும். சாவி போடும் வண்டி என்றால் சாவியைத் திருப்பி அணையுங்கள்.

பெட்ரோல் பங்க்கிலும் இதே கதைதான். பையன் குழாயோடு வந்து நிற்பான். என்ஜின் அமைதியாக இருக்கும், ஆனால் இக்னிஷன் ஆன். உள்ளே சூடு ஏறினால், ஏசிக்காக என்ஜின் தானே ஓடத் தொடங்கலாம். பேட்டரி சார்ஜ் இறங்கினாலும் அப்படித்தான். பெட்ரோல் இறங்கிக்கொண்டிருக்கும்போது இது தேவையா?

இதைவிடப் பயங்கரம், ஷட்டர் இறக்கிய வீட்டு ஷெட். சாவி சட்டைப்பையிலேயே இருக்கும் வண்டிகளில், சத்தம் இல்லை என்று அப்படியே இறங்கிப் போய்விட வாய்ப்பு அதிகம். பின்னால் என்ஜின் ஓட ஆரம்பித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஷெட்டுக்கு மேலேயே படுக்கையறை இருக்கும் வீடுகள் நம் ஊரில் எத்தனை!

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று சிலர் கண்டுபிடித்திருக்கும் குறுக்குவழிகள் இன்னும் மோசம். சீட் பெல்ட்டைக் கழற்றினால் சிஸ்டம் வேலை செய்யாது என்று பெல்ட் போடாமலே ஓட்டுகிறவர்கள் உண்டு. சின்னத் தொல்லைக்குப் பயந்து நெஞ்செலும்பை அடகு வைக்கும் புத்திசாலிகள்! பானெட் சுவிட்சின் ஒயரைப் பிடுங்கிவிடுகிற மெக்கானிக்குகளும் உண்டு. பானெட் திறந்திருக்கும்போது என்ஜின் தானாகச் சுழன்று பெல்ட்டில் விரல் மாட்டக்கூடாது என்பதற்காக வைத்த சுவிட்ச் அது. அதில் கைவைக்கலாமா? ஒயரை வெட்டி வெளி மாட்யூல் பொருத்தினால் வாரண்டி போகும். நேர்வழி சுலபமானது. 'ஏ' எழுத்தைச் சுற்றி அம்புக்குறி போட்ட பட்டன் டேஷ்போர்டில் இருக்கும். ஒரு அழுத்து, விளக்கு எரியும், முடிந்தது. பெரும்பாலான வண்டிகளில் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அழுத்த வேண்டும் என்பது எரிச்சல்தான். யு-டர்னில் எதிர்வண்டிகளுக்கு நடுவே இடைவெளிக்குக் காத்திருக்கும்போது அந்தக் கணநேரத் தாமதம் வேண்டாம் என்றால், எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு அழுத்திவிடுங்கள்.

பேட்டரி மாற்றும்போதும் கவனம். இந்த வண்டிகளுக்கு இ.எஃப்.பி அல்லது ஏ.ஜி.எம் ரகப் பேட்டரி வேண்டும். "சாதா பேட்டரியே போதும் சார்" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். ஒரு நாளில் எத்தனையோ முறை செல்ஃப் எடுக்கும் வேலையை அது தாங்காது. வழியில் பேட்டரி இறங்கி இன்னொரு காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட நேர்ந்தால், கறுப்பு கிளிப்பை நெகட்டிவ் முனையில் மாட்டாமல் பாடி எர்த்தில் மாட்டுங்கள். சார்ஜை அளக்கும் சென்சார் பெரும்பாலும் அந்த முனையில்தான் உட்கார்ந்திருக்கும்.

வடகிழக்குப் பருவமழைதான் பெரிய பரீட்சை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்குத் தண்ணீரில் கார் என்ன பாடுபடும் என்று தெரியும். என்ஜின் ஓடும்வரை சைலன்சர் வழியே புகை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். தேங்கிய தண்ணீரில் டிராஃபிக் நின்று, உங்கள் கார் தானாக அடங்கினால் அந்தத் தள்ளல் நின்று, சைலன்சருக்குள் தண்ணீர் ஏறலாம். பக்கத்தில் பஸ் போகும். எழுந்த அலை ஏர் ஃபில்டர் வாய்வரை வரும். முன்வண்டி நகர, நீங்கள் காலை எடுக்க, நீங்கள் கேட்காமலேயே செல்ஃப் அடிக்கும். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதையில் இறங்கவே வேண்டாம். சாலையிலேயே தண்ணீர் வந்து வேறு வழியில்லை என்றால், இறங்குமுன் அந்த 'ஏ' பட்டனை அழுத்தி சிஸ்டத்தை அணைத்துவிட்டு, முதல் கியரில் நிற்காமல் போங்கள். நடுவில் என்ஜின் நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். இக்னிஷனை அணைத்துவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

ஆக்டிங் டிரைவரிடம் சாவியைக் கொடுக்கும்போது இதையெல்லாம் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். நேற்று அவர் ஓட்டியது பழைய அம்பாசடராகக்கூட இருக்கலாம். அப்படியே இன்ஷூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தண்ணீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து கெடுத்ததற்கு, என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுக்காதவர்களுக்குச் சாதாரண பாலிசியில் பொதுவாகப் பணம் கிடைப்பதில்லை.