போன் எண்ணும் இணைய முகவரியும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

அடுக்ககத்தின் தரைக்கு அடியிலுள்ள வாகன நிறுத்தத்தில் சிக்னல் துளியும் இல்லை. ஆனாலும் வைஃபை வழியாக அழைப்பு வருகிறது. இணையவழி அழைப்பு குறித்துப் பெங்களூருவாசிகளுக்கு எழும் சந்தேகங்கள் சிலவற்றுக்கு இங்கே விளக்கம்.

சந்தேகம்: இணையத்துக்குத் தெரிந்தது ஐ.பி. முகவரி மட்டுமே. நான் அழுத்துவதோ போன் எண். அழைப்பு எப்படிப் போய்ச் சேருகிறது?

விளக்கம்: எண்ணைக் கொடுத்தால் முகவரியைச் சொல்லும் பதிவேடு ஒன்று நடுவில் இருக்கிறது. 'இ-நம்' என்ற இந்த முறைக்கு 2000-ஆம் ஆண்டில் விதிமுறை வெளியானது. இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டி.என்.எஸ். அமைப்பின் மீதே இது இயங்குகிறது. 080-இல் தொடங்கி 4567-இல் முடியும் பெங்களூரு எண் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் உள்ள பூஜ்யம் நீங்கி, நாட்டுக் குறியீடு 91 சேரும். பிறகு எண் தலைகீழாகத் திருப்பப்பட்டு, இலக்கங்களுக்கு நடுவே புள்ளி வைக்கப்படும்: 7.6.5.4 எனத் தொடங்கி, 0.8.1.9.இ164.ஆர்பா என முடியும். போன் எண்ணில் நாடு, ஊர் என்ற பெரிய பிரிவுகள் இடப்பக்கம் வரும். இணையப் பெயரில் அவை வலப்பக்கம் வரும். அதனால்தான் இந்தத் திருப்பல்.

சந்தேகம்: அந்தப் பதிவேட்டில் என் எண்ணை நானே சேர்க்கலாமா?

விளக்கம்: தொடக்கத்தில் நோக்கம் அதுதான். ஆஸ்திரியா 2004-இல் பொதுமக்களுக்கே அதைத் திறந்துவிட்டது. ஆனால் உலக அளவில் பொதுப் பதிவேடு வேரூன்றவில்லை. அழைப்புகள் நேரடியாக இணையத்தில் போனால் தொலைபேசி நிறுவனங்களுக்குக் கட்டணம் கிடைக்காது. எண்களைத் திறந்து வைத்தால் தொல்லை அழைப்புகள் பெருகும் என்ற அச்சமும் இருந்தது. இந்தியாவில் 2018 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை இணையத் தொலைபேசிக்கான உரிம விதிகளைத் திருத்தியபோது, நிறுவனங்கள் தத்தம் வலையமைப்புக்குள் தனியார் இ-நம் வைத்துக்கொள்ள வழிவிட்டது. ஆக, எண்ணை வைத்திருப்பவர் நீங்கள். அது எங்கே ஒலிக்க வேண்டும் என்ற பதிவு நிறுவனத்தின் கையில்.

சந்தேகம்: வாட்ஸ்அப்பும் இதே பதிவேட்டைத்தான் பார்க்கிறதா?

விளக்கம்: இல்லை. அதற்குத் தனிப் பதிவேடு; உங்கள் எண் அங்கே வெறும் அடையாளம். அதனால்தான் வாட்ஸ்அப்பிலிருந்து வீட்டு லேண்ட்லைனை அழைக்க முடிவதில்லை. இதில் ஒரு சிக்கலும் உண்டு. நீங்கள் கைவிட்ட எண், துண்டிக்கப்பட்டு 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குப் போகலாம். நிறுவனத்தின் பதிவு மாறினாலும், வங்கியிலும் செயலிகளிலும் உள்ள பதிவு தானாக மாறாது. எண்ணை விடுவதற்கு முன்பே அவற்றை மாற்றிவிடுங்கள்.

சந்தேகம்: திரையில் +91 தெரிந்தால் உள்நாட்டு அழைப்பு என்று நம்பலாமா?

விளக்கம்: முழுக்க நம்ப முடியாது. 2021 ஜூனில் ராணுவ உளவுப் பிரிவும் பெங்களூரு காவல்துறையும் பி.டி.எம். லேஅவுட் பகுதியில் நடத்திய சோதனையில் 32 சிம் பாக்ஸ் கருவிகள் சிக்கின. அவற்றில் ஒரே நேரத்தில் 960 சிம்களை இயக்கலாம். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரும் அழைப்பு இந்தப் பெட்டிக்குள் நுழைந்து, உள்ளூர் சிம் ஒன்றிலிருந்து வெளியேறும். உங்கள் திரையில் தெரிவது அந்த சிம்மின் எண்தான். வெளிநாட்டில் இருந்தபடியே +91 எண்ணைப் போலியாகக் காட்டுவது இன்னொரு வகை. அதைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய அமைப்பு, முதல் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 1.35 கோடி அழைப்புகளை மறித்தது.

சந்தேகம்: அப்படியொரு அழைப்பு வந்தால் என்ன செய்வது?

விளக்கம்: ஓ.டி.பி., வங்கி விவரம் எதையும் சொல்லாதீர்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னால் இணைப்பைத் துண்டித்து, பாஸ்புக்கில் உள்ள எண்ணை நீங்களே அழைத்துக் கேளுங்கள். வெளிநாட்டு அழைப்பு இந்திய எண்ணோடு வந்தால் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் புகார் அளிக்கலாம். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.