மணல் முற்றத்தில் மோட்டார் சைக்கிள்

மன்னார்த் தீவில் வீட்டு முற்றம் என்றால் மணல்தான். தலைமன்னார் தொடங்கி பேசாலை, எருக்கலம்பிட்டி, பள்ளிமுனை வரை காலடியில் அதே மணல். அன்றைக்கு அதில் சைக்கிள் நின்றது, இன்றைக்கு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பாரம் பல மடங்கு கூடிவிட்டது. மணல் மட்டும் மாறவில்லை.

எண்பதுகள் வரைக்கும் வீட்டுக்கு ஒரு சைக்கிள் இருந்தாலே பெரிய காரியம். ரலி சைக்கிளின் ஸ்டாண்டும் மணலில் புதையும் என்பதால் அதை நம்பாமல் பனையிலோ திண்ணையிலோ சாத்தி வைப்பார்கள். தூரப் பயணத்துக்கு ரயில் இருந்தது. தலைமன்னார் துறையிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலும் ஓடியது. ஓலை வேலியும் கயிறு கட்டிய படலையும் கள்ளனுக்காகப் போட்டவை அல்ல. ஆடும், தீவெங்கும் அலையும் கழுதைகளும் உள்ளே வந்து வாழைக்கன்றைக் கடிக்காமல் இருந்தால் போதும். எந்தச் சைக்கிள் யாருடையது என்று ஒழுங்கை முழுக்கத் தெரியும். வேறொருவன் அதில் போனால், "அது அவையின்ர சைக்கிளல்லோ, நீ எங்க கொண்டு போறாய்?" என்று நாலு வீட்டில் கேட்பார்கள். பூட்டு வேலையை அயலட்டை பார்த்தது.

1990 அதையெல்லாம் உடைத்தது. ரயில் நின்றது, பெருநிலத்தோடு இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் உத்தரவால் தீவின் முஸ்லிம் மக்கள் வீடு, கடை, வாகனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பெரும்பாலும் படகுகளில் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கினார்கள். பூட்டிய கதவும் பின்னிய வேலியும் அவர்களுடைய ஒரு பொருளையும் காக்கவில்லை. மன்னாரில் பொருள் பாதுகாப்பு பற்றி எழுதுகிறவர் இதைச் சொல்லாமல் கடந்து போவது நியாயமில்லை. அயலட்டை என்ற அந்தப் பழைய காவல் அன்றைக்கு அறுந்தது. மக்கள் திரும்பி வந்த பிறகும் அது முழுதாக ஒட்டியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2009இல் போர் முடிந்தது, 2010இல் புதிய பாலம் திறந்தது. ரோடு கார்ப்பெட் ஆனது. லீசிங் கம்பனிகள் வந்தன. சில வருடங்களுக்குள் மீன்பிடிக்கிறவர், ஆசிரியை, கூலி வேலைக்குப் போகிறவர் என்று எல்லா வீட்டிலும் மோட்டார் சைக்கிள். ரயில் 2015இல் தலைமன்னார் துறை வரை மீண்டும் வந்தபோது, ஊர் இரண்டு சில்லில் ஓடப் பழகியிருந்தது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வண்டிக்கும் பொன்விலை ஏறியது. 2022இல் எரிபொருள் வரிசைக் காலத்தில் டாங்கியிலிருந்து பெற்றோல் உறிஞ்சிவிடுவார்கள் என்று பயந்து, இரவில் வண்டியை விறாந்தைக்கு ஏற்றியவர்கள் பலர். இறக்குமதி 2025இல் திறந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. அதனால்தான் வீட்டில் வைக்கும் பார்க்கிங் ஸ்டாண்ட் பற்றி இப்போது பலரும் கேட்கிறார்கள்.

அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று பின்சில்லைத் தூக்கி நிறுத்துவது. மற்றது முன்சில்லைக் கவ்விப் பிடிப்பது. முதலாவதுக்குச் சமமான, கெட்டியான தரை வேண்டும். மணலில் ஒரு பக்கம் இறங்கினால் வண்டி ஆளின் மேலேயே சாயும். நம் ஊரில் ஓடும் சாதாரண வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நடு ஸ்டாண்ட் ஏற்கனவே இருக்கிறது. செயினுக்கு எண்ணெய் விடவும் சில்லைச் சுற்றிப் பார்க்கவும் அதுவே போதும். முன்சில்லைக் கவ்வும் ஸ்டாண்ட் சீமெந்துத் தரையில் போல்ட் போட்டு இறுக்கினால் நல்லது: வண்டி நிமிர்ந்து நிற்கும், இடமும் மிச்சம். மணல்மேல் சும்மா வைத்தால் பிரயோசனமில்லை.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். தீவில் காற்றாலைகளை நாட்டியது சும்மா அல்ல. சோளகம் வீசும் மாதங்களில், உறை போட்டு சைட் ஸ்டாண்டில் விட்ட வண்டி பாய் விரித்த வள்ளம் மாதிரிக் காற்றைப் பிடிக்கும். ஸ்டாண்ட் இருப்பது இடப்பக்கம். காற்று வலப்பக்கத்தால் வந்தால் வண்டியை ஸ்டாண்டின் மேலேயே அமுக்கும். இடப்பக்கத்தால் வந்தால் நிமிர்த்தி மறுபக்கம் தள்ளிவிடும். காற்றுக்கு வலப்பக்கத்தைக் காட்டி நிறுத்துங்கள். ஸ்டாண்டின் காலுக்குக் கீழே ஒரு தடித்த பலகைத் துண்டை வையுங்கள். சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடும் முற்றத்தில் இதை ஒரு நாளும் மறக்கக்கூடாது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை என் தீர்ப்பு உறுதியானது. ஸ்டாண்ட் பூட்டு அல்ல. எந்த ஸ்டாண்டிலிருந்தும் வண்டியை ஒரு நிமிடத்தில் இறக்கலாம். ஹாண்டில் பூட்டை மட்டும் நம்பினால், இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இன்று மதில் உயர்ந்துவிட்டது. ஆனால் மதிலுக்குள் நடப்பது அயல் வீட்டுக்குத் தெரியாது என்பதை யோசிப்பவர் குறைவு. வண்டியை அசையாத ஒன்றோடு கட்ட வேண்டும். தடித்த சங்கிலி சில்லுக்குள்ளால் மட்டும் போகாமல் சட்டத்துக்குள்ளாலும் போய், தரையில் கிடக்காமல் இறுக்கமாக நிற்க வேண்டும். தரையில் கிடக்கும் சங்கிலியை வெட்டுவது சுலபம். ஆமைப்பூட்டுக்கு அடிக்கடி எண்ணெய் விடாவிட்டால் உப்புக்காற்றில் கறள் பிடித்து, கடைசியில் உங்களுக்கே திறக்காது.

ஆக, ஸ்டாண்டுக்குக் காசு சேர்க்கிறவர்கள் முதலில் தரைக்குச் சேருங்கள். வண்டி நிற்கிற அளவுக்கு ஒரு சீமெந்துத் தளமும் மேலே ஒரு தகரக் கூரையும் போதும். கடல் மணலைக் கலக்க விடாதீர்கள். அதன் உப்பில் உள்ளே இருக்கும் கம்பி கறளாகி, தளம் வெடிக்கும். ஆற்று மணலையே கேளுங்கள். சங்கிலியைக் கோர்க்கத் தடித்த இரும்பு வளையம் ஒன்றைக் கம்பியோடு சேர்த்து வெல்டிங் பண்ணி, சீமெந்து ஊற்றும் அன்றைக்கே பதிக்கும்படி மேசனிடம் சொல்லுங்கள். பிறகு தரையைக் கொத்திப் பதித்தால் அந்தப் பிடி வராது.