வேலை நின்றால் வீடும் இல்லை

2022இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது, கொழும்பில் மாதச் சம்பளக்காரர்கள்கூட சமையல் வாயு சிலிண்டருக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். வரிசை கரைந்ததும் அவர்களில் பலர் ஒருவாறு நிமிர்ந்துவிட்டார்கள். நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பத்துக்கோ அந்தக் கஷ்டம், தாத்தா காலத்திலிருந்து சுமக்கும் மூட்டையின் மேல் ஏறிய இன்னொரு மூட்டை. பல வருடங்களாக நீடித்து, அடுத்த தலைமுறையையும் பிடித்துக்கொள்ளும் இதைத்தான் நீண்டகால வறுமை என்கிறோம்.

இது யாரை அதிகம் பிடிக்கும்? சொந்த நிலம் இல்லாதவரை, வேலை கொடுப்பவரின் கூரைக்குக் கீழே குடியிருப்பவரை, அரசாங்க ஏட்டில் பெயர் ஏறாதவரை, நாட்சம்பளத்தை மட்டுமே நம்பியவரை. தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழருக்கு இந்த நான்கும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

முதலில் பெயர். 1948 குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவரானார்கள்; அடுத்த ஆண்டே வாக்கும் போயிற்று. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சமிருந்தவர்களின் கணக்கு 2003இல் வந்த குடியுரிமைச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. வாக்கில்லாத ஊருக்கு ரோடு போட எந்த அரசியல்வாதி வருவார்? குடியுரிமை வந்த பிறகும் 1987 பிரதேச சபைச் சட்டத்தின் ஒரு பிரிவு தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவழிக்கக் குறுக்கே நின்றது. அதைத் திருத்த 2018 ஆயிற்று.

அடுத்தது சம்பளம். விடியற்காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், கூடையைத் தலையில் மாட்டி, மலைச்சரிவில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கைக்குழந்தை தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் இருக்கும். தராசில் தோட்டம் சொன்ன கிலோ வந்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று ஒன்றிரண்டு கிலோ கழிவது தனி. மழை கொட்டினால், கொழுந்து குறைந்தால் வேலை நாளே குறையும். 2021இல் ஒரு நாளுக்கு 1,000 ரூபாய் என்றார்கள்; 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆயிற்று. பத்திரிகையில் வரும் இந்தத் தொகையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பார்க்க வேண்டியது மாதத்தில் எத்தனை பேர் விழுந்தது, தீபாவளி முற்பணம் கழிந்தபின் கையில் என்ன நின்றது என்பதை.

ஆனால் என் கணக்கில் வறுமையை நீட்டி வைத்திருப்பது சம்பளத்தைவிட லயம்தான். வரிசையாக ஒட்டிய அறைகள், ஒவ்வொன்றும் சுமார் 10க்கு 12 அடி. பல இடங்களில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். அது தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் தொழிலாளியாகப் பெயர் பதிந்திருக்காவிட்டால் லயத்து அறையை விடச் சொல்வார்களோ என்ற பயம் எப்போதும் உண்டு. மகன் கொழும்புக் கடைக்குப் போய்விட்டால், முதுகு வளைந்த தாய் மலைக்குப் போவதை நிறுத்த முடியாது. அடகு வைக்க நிலமில்லை. வங்கி கேட்கும் உறுதிப் பத்திரம் இல்லை. பல லயங்களில் வீட்டுக்கென்று முகவரிகூட இல்லாததால் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய்க் கிடக்கும். நேர்முகத் தேர்வுக்கான கடிதம் தேதி கடந்த பிறகு கைக்கு வந்த பிள்ளைக்கு, எவ்வளவு படித்தும் என்ன பயன்?

2015க்குப் பிறகு குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலத்தில் தனி வீடு என்ற திட்டம் வந்தது. இந்திய உதவியிலும் வீடுகள் எழுந்தன. லயத்தைவிட்டு அங்கே குடிபோனவர்களில் பலர், வாசலில் பூச்செடி வைத்த பிறகும் உறுதிப் பத்திரத்துக்காகக் காத்திருந்தார்கள்.