தேரும் காரும்

நுழையும்முன்

பழையதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவது எளிது. பழையதன் இயல்பு கெடாமல் அதனை மீண்டும் இயங்கச் செய்வது அரிது. அதற்குக் கைத்திறன் மட்டும் போதாது. எதை மாற்றுவது, எதை மாற்றாமல் விடுவது என்று தெளியும் அறிவும் வேண்டும். பழைய மகிழுந்தை வீட்டிலேயே சீரமைக்கும் கலையின் வழியே அவ்வறிவை விளக்குகிறது இப்பாடம்.

தேர் காட்டும் நெறி

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில் திருவண்ணாமலை மாட வீதிகளில் ஐந்து தேர்கள் வலம்வருகின்றன. அவற்றுள் அண்ணாமலையார் எழுந்தருளும் பெரிய தேர் 2024ஆம் ஆண்டுத் திருவிழாவுக்கு முன்பு சீரமைக்கப்பட்டு வெள்ளோட்டம் விடப்பட்டது. மரத்தேரைச் சீரமைப்போர் அதனை முழுவதுமாகக் கழித்துவிடுவதில்லை. உளுத்த மரத்தை மட்டும் அகற்றி, அதே அளவில் புதிய மரத்தைப் பொருத்துகின்றனர். உறுதியாக உள்ள சிற்பங்களை அப்படியே காக்கின்றனர். மூங்கிலும் துணியும் கொண்டு கட்டப்படும் மேற்பகுதியோ திருவிழாதோறும் புதிதாக எழுகிறது.

பாதுகாப்புக்கான மாற்றத்தையும் தேர் ஏற்றுக்கொண்டுள்ளது. தமிழகக் கோவில்கள் பலவற்றில் மரச்சக்கரங்கள் இருந்த இடத்தில் இரும்புச் சக்கரங்கள் வந்துள்ளன. திருவாரூர் ஆழித்தேரில் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் அமைத்த நீரியல் தடைக்கருவி, முட்டுக்கட்டைக்குத் துணைநிற்கிறது. சக்கரம் மாறினாலும் தேர் அதே தேர்தான் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை.

ஆங்கிலேயர் தேரையும் ‘கார்’ என்றே குறித்தனர். தேரடி வீதிகள் ஆங்கிலத்தில் ‘கார் ஸ்ட்ரீட்’ ஆனது அவ்வாறே. சொல்லால் ஒன்றுபட்ட இவ்விரு ஊர்திகளும் சீரமைப்பு நெறியாலும் ஒன்றுபடுகின்றன.

சென்னையில் பிறந்த மகிழுந்து

பழைய மகிழுந்து என்றவுடன் அயல்நாட்டுச் செல்வர்களின் ஊர்திகளே நினைவுக்கு வருவதுண்டு. தமிழ்நாட்டுக்கும் இதில் பெருமைமிக்க பங்குண்டு. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், 1961ஆம் ஆண்டு முதல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்னும் மகிழுந்தை உருவாக்கியது. இங்கிலாந்தின் ‘ட்ரையம்ஃப் ஹெரால்டு’ அதன் மூலவடிவம். அங்கே இரண்டு கதவுகளோடு விற்கப்பட்ட அவ்வண்டி, இந்தியக் குடும்பங்களின் தேவைக்கேற்ப இங்கே நான்கு கதவுகளையும் பெற்றது. தேவையறிந்து செய்யும் மாற்றம் ஒரு பொருளைச் சிறக்கச் செய்யும் என்பதற்கு இதுவே சான்று.

ஹெரால்டின் முன்பகுதி முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலைசெய்ய இது பெரிதும் உதவும். உடற்பகுதி வேறு, அதைத் தாங்கும் சேசிஸ் என்னும் அடிச்சட்டம் வேறு என அமைந்திருப்பதால் உறுப்புகளைத் தனித்தனியே கழற்றலாம். 1957ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டுவரை உருவான அம்பாசிடரிலோ உடலும் சட்டமும் ஒன்றாகவே அமைந்துள்ளன. அதில் கதவடித் தகடு துருப்பிடித்தால் அழகு மட்டுமன்றி வண்டியின் உறுதியும் குறையும். எனவே, வண்டியின் அமைப்பை அறிவதே சீரமைப்பின் முதற்படி.

கழற்றுமுன் பதிவு

பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு பொருந்துகின்றனவா என்று முதலில் பார்த்தல் வேண்டும். பொருந்தாத வண்டிக்குச் செலவிடும் பணமும் உழைப்பும் வீணாகக்கூடும். அடுத்து, ஒவ்வோர் உறுப்பையும் கழற்றுமுன் படமெடுத்து, திருகாணிகளைத் தனித்தனிப் பைகளில் இட்டுப் பெயர் எழுதி வைத்தல் நன்று. வேலை சில மாதங்களோடு முடிந்துவிடுவதில்லை. ஈராண்டுக்குப் பின் எந்தத் திருகாணி எங்கே இருந்தது என்பதை நினைவு சொல்லாது, குறிப்பேடுதான் சொல்லும்.

நெடுங்காலம் நின்ற வண்டியை உடனே இயக்கிப் பார்க்கும் ஆவல் எவர்க்கும் எழும். அவ்வாவலை அடக்குதல் வேண்டும். சிலிண்டருக்குள் பிஸ்டன் வளையங்கள் துருவால் ஒட்டியிருக்கக்கூடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, உள்ளே எண்ணெய் விட்டுச் சில நாள்கள் ஊறவைத்து, பின்னர் எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பதே முறை. தொட்டியில் தேங்கிய பழைய பெட்ரோல் பிசினாக மாறிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். அதனையும் நீக்குதல் வேண்டும். பெட்ரோல் தொட்டியில் பற்றவைப்பு வேலையை வீட்டில் செய்தலாகாது. தொட்டி வெறுமையாய்த் தோன்றினும் உள்ளே தங்கிய ஆவி வெடிக்க வல்லது.

ஓடுமுன் நிற்க வேண்டும்

சீரமைப்பில் எஞ்சினைவிட முதன்மை பெற வேண்டியது பிரேக். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. அவ்வீரம் உள்ளிருக்கும் உலோகத்தை அரிக்கும். காலத்தால் ரப்பர் உறுப்புகளும் இறுகிவிடும். மிதி கடினமாக இருப்பதாலேயே பிரேக் நலமாக இருப்பதாகக் கொள்ளலாகாது. பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் கலந்திருக்கும் வாய்ப்புண்டு. அத்தூசியைக் காற்றடித்து ஊதினால் அது நுரையீரலைத் தாக்கும். ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பு.

எரிபொருளும் காலத்தோடு மாறிவிட்டது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் விடைபெற்றது. பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்தது அந்த ஈயமே. எனவே, லேத் பட்டறையில் கடினமான புதிய இருக்கைகளைப் பொருத்திக்கொள்வது நலம். இன்று பரவலாக விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. அது பழைய ரப்பர்க் குழாய்களை நலியச் செய்யும். கசியும் ஒரு துளி பெட்ரோல் சூடான எஞ்சின்மீது விழுந்தால் தீப்பற்றும். ஆகவே, எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்கள் இன்றியமையாதவை. குழாயின் பழைமையைப் போற்றுவதில் பொருளில்லை.

துருவை மறைப்பதும் நீக்குவதும்

இரும்பு, நீர், உயிர்வளி ஆகிய மூன்றும் கூடினால் துரு பிறக்கும். கடலோரச் சென்னையின் உப்புக்காற்று துருவை விரைவுபடுத்துகிறது. உள்நாட்டு ஊரான திருவண்ணாமலையில் அத்தொல்லை குறைவு. கோடை வெயில் ரப்பரையும் வண்ணப்பூச்சையும் வெடிக்கச் செய்வதே அங்குப் பெருந்தொல்லை. வண்டியை நிழலில் நிறுத்துதல் வேண்டும். எனினும், தார்ப்பாயால் இறுக மூடினால் மழைக்கால ஈரம் உள்ளேயே தங்கித் துருவை வளர்க்கும். காற்றோட்டமுள்ள கொட்டகையே ஏற்றது.

துருவின்மேல் ‘பட்டி’ பூசி வண்ணம் அடித்தால் வண்டி சில மாதங்கள் பளபளக்கும். உள்ளே அரிப்பு தொடரும். கெட்ட தகட்டை வெட்டி நல்ல தகட்டைப் பற்றவைப்பதே உண்மையான பழுதுநீக்கம். பட்டறைகளில் ‘டிங்கரிங்’ என வழங்கும் இவ்வேலையில் தேர்ந்த கைகள் தட்டும் ஓசையைக் கொண்டே தகட்டின் நிலையை அறியும். வீட்டில் சீரமைப்போர் எல்லாவற்றையும் தாமே செய்ய வேண்டும் என்பதில்லை. தகட்டு வேலை, லேத் வேலை, வண்ணப்பூச்சு ஆகியவற்றை வல்லுநரிடம் ஒப்படைத்து அருகிருந்து கற்கலாம். கார்புரேட்டரின் ஒலி கேட்டே குறையறியும் தலைமுறை மூத்துவருகிறது. அவர்தம் அறிவு நூல்களில் முழுமையாக எழுதப்படவில்லை. உடனிருந்து கற்போர் இல்லையெனில் அது அவர்களோடு மறைந்துவிடும்.

விருப்பமும் வரம்பும்

பழைய வண்டியைத் தம் விருப்பப்படி மாற்றியமைக்க விரும்புவோரும் உளர். இருக்கை வார், ஒளிமிக்க விளக்கு, புதிய இருக்கை உறை போன்றவற்றை மூல உறுப்புகளை வெட்டாமல் பொருத்தலாம். வேண்டாதபோது நீக்கவும் முடியும். கழற்றிய பழைய உறுப்புகளைப் பேணி வைப்பது அறிவுடைமை. பின்னர் வருவோர் பழைய நிலைக்கு மீள அவையே துணை.

அடிச்சட்டத்தை வெட்டுவதும் உடலின் அமைப்பைக் குலைப்பதும் வேறுவகை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதற்கு வரம்பு விதிக்கிறது. எஞ்சினை மாற்றுவதாயின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். நிறத்தை மாற்றினாலும் பதிவுச் சான்றில் குறிக்கச் செய்தல் வேண்டும்.

2021ஆம் ஆண்டு வெளியான விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு ‘விஏ’ என்னும் எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண்ணை வழங்குகின்றன. சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாத வண்டிக்கே அத்தகுதி உண்டு. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு அவ்வண்டியைச் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்த இயலாது. ஒருநாள் ஆசையில் வெட்டிய அடிச்சட்டம், அரை நூற்றாண்டு காத்த தகுதியை இழக்கச் செய்துவிடும்.

உயிருக்கு உறுதி தருவதைத் தயங்காது மாற்றுதல். அடையாளம் தருவதைத் தளராது காத்தல். செய்தவை அனைத்தையும் எழுதி வைத்தல் – இம்மூன்றுமே சீரமைப்பின் அறம். கோவையின் ஜீ.டி. மகிழுந்து அருங்காட்சியகத்தில் காட்சிக்கு நிற்கும் ஊர்திகளுக்கும், சிற்றூர் வீடொன்றின் கொட்டகையில் எழுந்துவரும் ஹெரால்டுக்கும் அவ்வறம் ஒன்றே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்த் தேரில் காலந்தோறும் மாற்றப்பட்ட உறுப்புகளையும் மாற்றப்படாத உறுப்புகளையும் பெரியோரிடம் கேட்டுப் பட்டியலிடுக.

2. அருகிலுள்ள பட்டறையில் வழங்கும் தொழிற்சொற்கள் இருபதைத் திரட்டி, அவற்றுக்கு விளக்கம் எழுதுக.

3. ‘பழைமையைக் காப்பதும் பாதுகாப்பைப் பேணுவதும் முரண்பட்டவை அல்ல’ என்னும் தலைப்பில் உரையாற்றுக.