மீட்ட பின் தொடங்கும் மருத்துவம்

விபத்தில் அடிபட்ட அல்லது கொடிய தொற்றுக்கு ஆளான தெருநாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பதோடு மீட்புப் பணி முடிந்துவிட்டதாகப் பலரும் கருதுகின்றனர். ஆனால் ஊசியும் குளுக்கோசும் ஏற்றப்பட்ட அந்த உயிர் தன் காலில் எழுந்து நின்று உண்ணத் தொடங்கும் வரை, ஒதுக்கமான ஓர் இடமும் வேளை தவறாத மருந்தும் நாள்தோறும் கூர்ந்து கவனிக்கும் துணையும் அதற்குத் தேவைப்படுகின்றன. உடல் தேறி, நிரந்தரமாக வளர்ப்பவர் கிடைக்கும் வரை ஒரு குடும்பம் அந்தப் பொறுப்பை ஏற்பதே ‘ஃபாஸ்டரிங்’ எனப் பரவலாக வழங்கும் இடைக்காலப் பராமரிப்பு. நாய்கள் நெருக்கமாக அடைபட்டிருக்கும் காப்பகங்களில் தொற்று எளிதில் பரவுவதாலும், ஒவ்வொன்றுக்கும் தனிக்கவனம் கிடைப்பது அரிது என்பதாலும், இப்பராமரிப்பைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொள்ளவேண்டும். அதற்கு இரக்கத்தோடு முறையான அறிவும் வேண்டும்.

தொடும் முன்: வெறிநோய்ப் பாதுகாப்பு

வெறிநோய் எனப்படும் ரேபீஸ், நோயுற்ற விலங்கின் உமிழ்நீர் வழியாகப் பரவி நரம்பு மண்டலத்தைத் தாக்குவது. அறிகுறிகள் தோன்றிவிட்டால் ஏறத்தாழ எப்போதும் மரணத்தில் முடிவது. பாய்ந்து கடிக்கும் நாய் மட்டுமே வெறிநாய் என்பது பொதுவான எண்ணம்; உண்மையில் இந்நோயின் வாத வடிவத்தில் நாய் அமைதியாகவே ஒடுங்கிக் கிடக்கும், கீழ்த்தாடை தொங்கும், விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும். தொண்டையில் எலும்பு சிக்கியிருப்பதாக எண்ணி அதன் வாய்க்குள் வெறுங்கையை விடுவது மிக ஆபத்தான தவறு. இத்தகைய நாயைத் தொடாமல், உடனே கால்நடை மருத்துவருக்கோ உள்ளாட்சி அமைப்புக்கோ தெரிவிக்கவேண்டும்.

மீட்புப் பணியில் ஈடுபடுவோர் கடிபடும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது அவசியம். கடியோ கீறலோ பட்டால், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பாமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். முன்பே தடுப்பூசி பெற்றவர்களுக்கும் கூடுதல் ஊசிகள் தேவை.

முதல் 14 நாட்கள்: தனிமைப்படுத்தல்

புதிதாக வந்த நாயை வீட்டிலுள்ள பிற நாய்களிடமிருந்து குறைந்தது இரண்டு வாரங்கள் பிரித்து வைத்து, அதற்கெனத் தனிப் பாத்திரமும் துணியும் துடைப்பமும் ஒதுக்கவேண்டும். தொற்றிய சில நாட்களுக்குப் பின்பே பல நோய்கள் வெளித்தெரிவதால் இந்த இடைவெளி தேவைப்படுகிறது.

1970களின் பிற்பகுதியில் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ், குட்டிகளின் குடல் உட்படலத்தையும் வெள்ளணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையையும் ஒருசேரத் தாக்குவதால், ஓயாத வாந்தியும் இரத்தம் கலந்த, கடுநாற்றமுள்ள வயிற்றுப்போக்கும் ஏற்படுகின்றன. குட்டியின் ஈறை விரலால் அழுத்தி விட்டதும், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்கவேண்டும். தாமதமானால் இரத்த ஓட்டம் தளர்ந்துவிட்டதாகக் கொண்டு, பாலோ மோரோ புகட்டிக்கொண்டிருக்காமல் சிரை வழித் திரவ சிகிச்சைக்கு உடனே எடுத்துச் செல்லவேண்டும். இந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்த்திருப்பது. சோப்புக்கும் கைகளைத் துடைக்கும் சானிடைசருக்கும் எளிதில் அழியாதது. எனவே அழுக்கை நன்றாகக் கழுவிய பிறகு, வீட்டு உபயோக ப்ளீச் திரவத்தில் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடங்களாவது தரையில் நிற்கவிடவேண்டும். தடுப்பூசி முடியாத குட்டிகள் உள்ள வீடு பார்வோ குட்டியை ஏற்காமலிருப்பதே நல்லது.

மனிதரின் தட்டம்மை வைரஸுக்கு உறவான டிஸ்டெம்பர் வைரஸோ கண்ணிலும் மூக்கிலும் சளியாகத் தொடங்கி, பின்னர் நரம்புகளைத் தாக்கி வலிப்பையும் தசைத் துடிப்பையும் உண்டாக்குகிறது. உயிர் பிழைத்த நாய்களிலும் அந்தத் துடிப்பு நிலைத்துவிடக்கூடும் என்பதைப் பராமரிப்பவர் முன்னரே அறிந்திருக்கவேண்டும்.

பட்டினி கிடந்த உடல்

எலும்பும் தோலுமாக மீட்கப்பட்ட நாய்க்கு வயிறு நிறையச் சோறிடத் தோன்றுவது இயல்பு. ஆயினும் நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென மிகுந்த உணவு சேரும்போது, இன்சுலின் பெருகி, இரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற தாதுக்கள் உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டு, இதயத் துடிப்பே சீர்கெடலாம். மறுஊட்ட நோய்க்குறி எனப்படும் இந்நிலையைத் தவிர்க்க, மருத்துவர் குறிக்கும் அளவைப் பல சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுத்துப் படிப்படியாகவே உயர்த்தவேண்டும்.

கட்டியும் நித்தியகல்யாணியும்

தெருநாய்களின் பிறப்புறுப்பில் காலிபிளவர் போலத் திரண்டு இரத்தம் கசியும் கட்டி, இணைசேரும்போது உயிருள்ள புற்றணுக்களே ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்கு ஒட்டிக்கொள்வதால் வளர்வது. தோற்றத்தில் அச்சமூட்டினாலும், வாரம் ஒருமுறை செலுத்தப்படும் வின்கிரிஸ்டின் ஊசியால், பெரும்பாலான நாய்களில் நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் இது மறைந்துவிடுகிறது. இம்மருந்து பெறப்படுவது வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. எனினும் அச்செடி நச்சுத்தன்மை உடையதாதலால் அதைக் கைவைத்தியமாகப் பயன்படுத்தலாகாது. ஊசியால் வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையும், மருந்து கழிவில் கலந்து வெளியேறுவதால் ஊசிக்குப் பிந்தைய சில நாட்கள் சிறுநீரையும் மலத்தையும் கையுறையோடு அகற்றுவதும் தேவை. கர்ப்பிணிகள் அப்பணியைச் செய்யலாகாது.

நடக்க இயலாத நாய்

வாகனம் மோதி முதுகுத்தண்டு முறிந்ததாக ஐயமிருந்தால், நாயைக் கைகளில் வளைத்துத் தூக்காமல் பலகை மீது நகர்த்திக் கொண்டுசெல்லவேண்டும். பின்னங்கால் விரலை மருத்துவர் அழுத்தும்போது நாய் தலையைத் திருப்பினாலோ முனகினாலோ வலியுணர்வு மூளையை எட்டுகிறது என்று பொருள். மீளும் வாய்ப்பும் அதற்கேற்பக் கூடுகிறது. கால் மட்டும் சுருங்குவது வெறும் அனிச்சைச் செயலாகவே இருக்கக்கூடும்.

முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு நடக்க இயலாத நாய்க்குப் பெரும்பாலும் சிறுநீர்ப்பை தானாகச் சுருங்குவதில்லை. தரையில் சொட்டுச் சொட்டாக ஒழுகுவதைக் கண்டு அது தானே கழிக்கிறது என எண்ணுவது தவறு. அது நிரம்பி வழிவதாகவே பெரும்பாலும் இருக்கும். பின்னங்கால்களுக்குச் சற்று முன்னே, வயிற்றின் இருபுறமும் உள்ளங்கைகளை வைத்தால் தண்ணீர் நிரம்பிய பலூன் போலச் சிறுநீர்ப்பை தட்டுப்படும். அதை நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை மென்மையாகவும் சீராகவும் அழுத்தி வெறுமையாக்கவேண்டும். வன்மையாக அழுத்தினால் பை கிழியக்கூடும் என்பதால், மருத்துவர் முன்னிலையில் கைப்பழக்கம் பெறாமல் இதைச் செய்யலாகாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதும், இடுப்பெலும்பிலும் முழங்கையிலும் தோல் சிவக்கிறதா என்று பார்ப்பதும் படுக்கைப்புண்ணைத் தடுக்கும்.

வீட்டு மருந்துகளின் தீங்கு

மனிதருக்கான பாராசிட்டமால் நாயின் கல்லீரலையும் இரத்தச் சிவப்பணுக்களையும் பாதிக்கக்கூடியது. ஐபுபுரூஃபன் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கக்கூடியது. புழு வைத்த புண்ணில் மண்ணெண்ணெயோ பினாயிலோ ஊற்றும் வழக்கம் புழுக்களோடு நல்ல தசையையும் கருக்கிவிடுகிறது.

விடைகொடுக்கும் வேளை

எல்லா நாய்களும் பிழைப்பதில்லை. வலி நிவாரணிகளுக்கும் அடங்காத வேதனையில், உண்ணவும் எழவும் ஆளைக் கண்டு கண் திறக்கவும் இயலாத நிலை நீடித்தால், மருத்துவரின் கையால் வலியின்றி உயிர் பிரியச் செய்வதும் பராமரிப்பின் பகுதியே. அந்த முடிவை எடுப்பவர் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை.

பிழைப்பவற்றுக்கும் விடைகொடுக்கும் வேளைக்கும் பெரிதும் உதவுவது ஒரு சாதாரண நோட்டுப் புத்தகமே. காலை மாலை வெப்பநிலை, உண்ட அளவு, சிறுநீர் கழித்த நேரம், கொடுத்த மருந்து ஆகியவற்றை அன்றன்றே குறித்து வைத்தால், தேறுகிறதா தளர்கிறதா என்பதை மருத்துவர் தெளிவாகக் காண்பார். தேறிய நாய் புதிய வீட்டுக்குப் போகும்போது அந்தப் புத்தகமும் உடன் செல்லவேண்டும். இனி அதைக் கவனிக்கப்போகும் கைகள், முந்தைய கைகள் நிறுத்திய இடத்திலிருந்து தொடர அது வழிகாட்டும்.