திருந்தி வந்தவனுக்குக் கதவு திறக்குமா?

ஒரு சித்திரத் தொடரைச் சுற்றி ஓயாத வாதப் பிரதிவாதம்

வில்லன் ஒழிந்தால் கதை முடிந்தது என்பது பழைய கணக்கு. வில்லன் ஒழியாமல் திருந்திவிட்டால்? அப்பொழுது கதைக்குள் சண்டை ஓய்கிறது. கதையைப் பார்த்தவர்களுக்குள் சண்டை மூள்கிறது!

நமக்கு இது புதிய விஷயமல்ல. ‘உயர்ந்தவன் கும்பகர்ணனா, விபீஷணனா?’ என்று பட்டிமன்றம் போட்டு, நள்ளிரவு வரை வாதாடிப் பழகியவர்கள் நாம். அண்ணனை விட்டு வந்த விபீஷணனைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று ராமன் தன் கூட்டத்தைக் கேட்டபோது, கூடாது என்று சுக்ரீவன் சொன்னான். சேர்க்கலாம் என்று அனுமன் சொன்னான். அன்று தொடங்கிய அந்த விவாதம் வெவ்வேறு வேஷங்களில் உலகமெங்கும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அமெரிக்காவில் அந்த விவாதத்தைக் கிளப்பியவன் ஒரு பதினாறு வயதுப் பையன். பெயர் ஜூக்கோ. ரத்தமும் சதையுமாக நடமாடியவன் அல்ல. சித்திரக்காரர்கள் வரைந்த பையன். ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்ற கார்ட்டூன் தொடரில் வருகிறவன். மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கொனீட்ஸ்கோ என்ற இருவர் உருவாக்கிய இத்தொடர், 2005-ம் ஆண்டு பிப்ரவரி முதல் 2008-ம் ஆண்டு ஜூலை வரை நிக்கலோடியன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. மூன்று பாகம், மொத்தம் 61 அத்தியாயங்கள். குழந்தைகளுக்காக எடுத்த தொடர்தான். ஆனால் அதைப் பார்த்து வளர்ந்த குழந்தைகள் பெரியவர்களான பின்பும் ஜூக்கோவைப் பற்றிய வழக்கைக் கைவிட்டபாடில்லை. 2020-ல் நெட்ஃபிளிக்ஸ் இத்தொடரை அமெரிக்காவில் மறுபடி காட்டியபோது, வழக்குக்குப் புதிய வக்கீல்களும் வந்து சேர்ந்தார்கள்.

தந்தை இட்ட தழும்பு

கதை இதுதான். நீர், நிலம், நெருப்பு, காற்று என்று நான்கு நாடுகள். ஒவ்வொன்றிலும் அந்தந்தப் பூதத்தை ஆளும் வித்தை தெரிந்தவர்கள் உண்டு. நான்கையும் ஆளத் தெரிந்தவன் ஒருவன் மட்டுமே, அவனே அவதார். நெருப்பு நாடு நூறு ஆண்டுகளாக மற்ற நாடுகளின்மீது யுத்தம் நடத்துகிறது. பனிப்பாறைக்குள் நூறு ஆண்டு உறைந்து கிடந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஆங் கண் விழிக்கிறான். அவன்தான் அவதார். அவனைக் கண்டெடுத்தவர்கள் தென் துருவத்து நீர்க் குலத்தைச் சேர்ந்த கட்டாரா என்ற பெண்ணும் அவள் அண்ணன் சொக்காவும்.

அந்தச் சிறுவனைப் பிடிக்கக் கப்பலேறி வருகிறவன்தான் நெருப்பு நாட்டு இளவரசன் ஜூக்கோ. முகத்தில் இடது கண்ணைச் சுற்றிப் பெரிய தீத்தழும்பு. பார்த்தவுடனே, ‘இவன்தான் வில்லன்’ என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் முதல் பாகத்தின் நடுவே தழும்பின் கதை வெளியாகிறது. புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களைப் பலி கொடுத்து யுத்தத்தில் லாபம் தேடலாம் என்று ஒரு தளபதி யோசனை சொன்னபோது, ‘இது அநியாயம்’ என்று பதின்மூன்று வயதில் எழுந்து பேசினான் ஜூக்கோ. அதற்குத் தண்டனையாக ஒற்றைக்கு ஒற்றை துவந்த யுத்தம். எதிரே வந்து நின்றவன் பெற்ற தகப்பன் ஓஸாய் மன்னன்! பையன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டான், சண்டையிட மறுத்தான். தகப்பன் அவன் முகத்தைச் சுட்டான். அவதாரைப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் ஊருக்குள் இடம் என்று நாடு கடத்தினான்.

இதைக் கேட்டவுடனே ரசிகர்களில் ஒரு கட்சி உருகிப்போயிற்று. மறு கட்சி உருகவில்லை. “அவன் பட்ட துன்பம் உண்மைதான். அதற்காக அவன் பிறருக்குச் செய்த துன்பம் பொய்யாகிவிடுமா?” என்று கேட்டது. நியாயமான கேள்விதான். பெண்களும் கிழவர்களும் குழந்தைகளுமே மிஞ்சியிருந்த பனிக் கிராமத்தில் படையோடு நுழைந்தவன் அவன். கியோஷித் தீவில் அவன் வந்து போனபோது வீடுகள் எரிந்தன. விபீஷணன் இலங்கையை விட்டு வந்தபோது, ராமனுடைய கூட்டத்துக்கு அவன் கையால் ஒரு தீங்கும் நேர்ந்ததில்லை. ஜூக்கோவின் கை அப்படிச் சுத்தமான கை அல்ல. அதனால்தான் இந்த வழக்கு அதைவிடச் சிக்கலானது.

பளிங்குக் குகையில் ஒரு நொடி

விவாதத்தின் முதற் களம், இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயம். ஜூக்கோ அகதியாகி, பா சிங் சே என்ற மாநகரில் பெரியப்பா ஐரோவுடன் தேநீர்க் கடையில் வேலை செய்கிறான். மெல்ல மெல்ல மனம் மாறுகிறது. நிலத்தடிப் பளிங்குக் குகையில் கட்டாராவும் அவனும் சேர்ந்து அடைபடுகிறார்கள். இருவரும் தாயை இழந்தவர்கள். கட்டாரா மனமிரங்கி, தன்னிடமிருக்கும் புனித நீரால் அவன் தழும்பை ஆற்றிப் பார்க்கவும் முன்வருகிறாள். ‘இதோ, திருந்திவிட்டான்’ என்று பார்ப்பவர்கள் நிமிர்ந்து உட்காரும்போது, தங்கை அஸூலா வந்து ஆசை காட்டுகிறாள். ஜூக்கோ அவள் பக்கம் சாய்கிறான்! அஸூலாவின் மின்னல் ஆங்கின் முதுகில் பாய்கிறது. ஐரோ கைதியாகிறார்.

இந்த அத்தியாயம் 2006 டிசம்பரில் ஒளிபரப்பாயிற்று. அடுத்த பாகம் 2007 செப்டம்பரில்தான் வந்தது. ஒன்பது மாதம் ரசிகர்கள் அந்தத் துரோகத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு இருந்தார்கள். “பாத்திரத்தைப் பாழாக்கிவிட்டார்கள், அங்கேயே திருந்தியிருக்க வேண்டும்” என்பது ஒரு கட்சியின் வாதம். “அங்கே திருந்தியிருந்தால், போக்கிடமில்லாதவன் வந்து ஒட்டிக்கொண்டான் என்றுதானே ஆகும்? வேண்டியதெல்லாம் கிடைத்த பிறகு அதை உதறிவிட்டு வருவதல்லவா திருந்துவது!” என்பது மற்றதன் வாதம்.

இரண்டாவது கட்சிக்கே கதை சாட்சி சொல்கிறது. மூன்றாம் பாகத்தில் ஜூக்கோவுக்கு அரண்மனை கிடைக்கிறது. தகப்பனின் பாராட்டு கிடைக்கிறது. மந்திராலோசனையில் ஆசனம் கிடைக்கிறது. நிம்மதி மட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் தகப்பன் முன்னால் நின்று, ‘நீ எனக்குச் செய்தது கொடுமை’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வெளியேறுகிறான். சுடப்பட்ட குழந்தை, சுட்டவனிடமே அதைச் சொல்லும் அந்தக் காட்சி, கார்ட்டூன் என்பதையே மறக்கச் செய்வது.

வாசலில் நிற்கும் இளவரசன்

திருந்தியாயிற்று. இனி? பழைய எதிரிகளின் முகாமுக்குப் போய்ச் சேர வேண்டும். என்ன பேசுவது என்று ஒரு தவளையின் முன் நின்று ஒத்திகை பார்க்கிறான் பாவம்! சிரிப்பு வருகிறது; ஆனால் அதற்கடுத்த காட்சியில் சிரிப்பு வராது. அவன் போய் நின்றவுடன், அவன் செய்ததையெல்லாம் அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார்கள். ஆங்கைக் கொல்லக் கூலிக்கு ஆள் அனுப்பியதும் அவன் வாயாலேயே வெளிவருகிறது. கைதியாகவாவது வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். கட்டாரா தண்ணீரை வாரியடித்து விரட்டுகிறாள்.

பிறகு ஆங்குக்கு நெருப்பு வித்தை கற்பிக்க ஆசான் வேண்டியிருப்பதால் அவனைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் கட்டாரா அவனைத் தனியே சந்தித்து எச்சரிக்கிறாள்: ஒரு தடவை தவறினாலும் உன் கதையை நானே முடிப்பேன் என்று.

இங்கேதான் ரசிகர்களின் மனஸ்தாபம் உச்சத்துக்குப் போகிறது. “எல்லோரும் மன்னித்த பின்னும் இந்தப் பெண்ணுக்கு ஏன் இத்தனை வன்மம்?” என்று பலர் கட்டாராவைக் குறை சொல்கிறார்கள். குகையில் அவனை முதலில் நம்பியவள் அவள்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். நம்பாதவனுக்குத் துரோகம் நேர்வதில்லை. நம்பியவளுக்குத்தான் நேர்ந்தது. ஆகவே, அவளிடம் பட்ட கடன் மற்றவர்களிடம் பட்ட கடனைவிடப் பெரிது. ஊரார் ரத்து செய்தால் அந்தக் கடன் தீர்ந்துவிடாது.

அவள் எப்படி மன்னித்தாள் என்பதும் ஒரு தர்க்கம். அவள் தாயைக் கொன்ற படைத்தலைவனைத் தேடிப்போக ஜூக்கோ துணையாகச் செல்கிறான். கொல்லாதே, மன்னித்துவிடு என்று ஆங் சொல்கிறான். ஜூக்கோ அதைக் கேலி செய்கிறான். ‘பழிவாங்கும் ஆசைக்குத் தூபம் போட்டு மன்னிப்பைச் சம்பாதித்தான்’ என்று சிலர் குற்றம் சாட்டுவது இதனால்தான். முழுக்கத் தள்ளிவிடக்கூடிய குற்றச்சாட்டு அல்ல. ஆனால் முடிவைப் பாருங்கள். அந்தக் கொலைகாரன் இப்போது சந்தைக்குப் போய்வரும் கோழைக் கிழவன். கட்டாரா வீசிய பனி ஈட்டிகள் அவன் முகத்துக்கு நேரே அந்தரத்தில் நின்றுவிடுகின்றன. அவள் கொல்லவில்லை, மன்னிக்கவும் இல்லை. திரும்பி வந்து ஜூக்கோவைத்தான் மன்னிக்கிறாள். ஆங் சொன்னதே சரி என்று ஜூக்கோவும் ஒப்புக்கொள்கிறான்.

ஒரே நாளில் ஒருவனை மன்னிக்கவும், ஒருவனை மன்னிக்காமல் விடவும் அந்தப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்று இந்தத் தொடர் சொல்லிற்று. அதுவும் குழந்தைகளுக்குச் சொல்லிற்று! இதைப் பெரியவர்களுக்குச் சொல்லும் கதைகளே குறைவு.

பெரியப்பா செய்த முற்றுகை

வழக்கு ஜூக்கோவோடு நிற்கவில்லை. தொடரிலேயே எல்லோருக்கும் பிரியமான பாத்திரம் பெரியப்பா ஐரோ. தேநீர், வேடிக்கைப் பேச்சு, தத்துவம் எல்லாம் கலந்த மனிதர். அவருக்குக் குரல் கொடுத்த ஜப்பானிய அமெரிக்க நடிகர் மாக்கோ 2006 ஜூலையில் காலமானார். பா சிங் சே மக்களைப் பற்றிய அத்தியாயத்தில், இறந்த மகனின் படத்துக்கு முன் ஐரோ பாடி அழும் பகுதியை மாக்கோவுக்கே சமர்ப்பணம் செய்தார்கள். கண் கலங்காமல் அதைப் பார்த்தவர் அரிது.

ஆனால் அந்த மகன் எங்கே இறந்தான்? அதே பா சிங் சே நகரை ஐரோ தளபதியாக இருந்து 600 நாள் முற்றுகையிட்டபோது! ‘நகரைக் கொளுத்தாமல் விட்டால் நீங்களும் வந்து பார்க்கலாம்’ என்று வீட்டுக்கு வேடிக்கையாகக் கடிதம் எழுதியவர் அவர். அதைக் கேட்டு வீட்டார் சிரித்தார்கள். “ஜூக்கோவை இத்தனை உலுக்கிக் கேட்கும் நாம், ஐரோவை ஏன் ஒரு கேள்வியும் கேட்பதில்லை?” என்று ரசிகர்களில் சிலர் எழுப்பும் கேள்வி சுருக்கென்று தைக்கிறது.

காரணம் எளிது. ஐரோ நம் கண்ணில் படுமுன்பே திருந்திவிட்டார். முற்றுகையில் மகனைப் பறிகொடுத்த வேறொரு தகப்பன் அவர் எதிரே வந்து நிற்கும் காட்சி தொடரில் இல்லை. பாதிக்கப்பட்டவன் மேடைக்கு வராவிட்டால் மன்னிப்பு மலிவாகிவிடுகிறது. கடைசியில் அதே நகரை விடுவிக்க ஐரோ படை திரட்டி வருவதைப் பிராயச்சித்தம் என்று கொள்ளலாம். கொள்ளலாமா என்பதில்தான் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

இன்னொரு மனு அஸூலாவுக்காக. அவளும் பதினான்கு வயதுப் பெண்தானே, அதே தகப்பன் கெடுத்த பிள்ளைதானே, அவளுக்கு மட்டும் ஏன் திருந்தச் சந்தர்ப்பம் இல்லை என்கிறார்கள். தொடரின் தலைமைக் கதாசிரியரான ஆரோன் ஏஹாஸும், மேலும் ஒரு பாகம் வந்திருந்தால் அவளைத் திருத்தும் எண்ணம் தமக்கு இருந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் ஜூக்கோவுக்கு ஓர் ஐரோ இருந்தார். அஸூலாவுக்கு யார் இருந்தார்? திருந்துவதற்கு மனம் மட்டும் போதாது. விழுந்தபோதெல்லாம் காத்திருக்கும் ஒரு மனிதரும் வேண்டும். யுத்தத்தின் இறுதியில், வெட்கித் தலைகுனிந்து கூடாரத்துக்குள் வந்த ஜூக்கோ மன்னிப்புக் கேட்டு முடிக்குமுன்பே ஐரோ அவனை இழுத்து அணைத்துக்கொள்கிறார். ஒரு கதவு கட்டாராவுடையது. தட்டித் தட்டிக் காத்திருக்க வேண்டும். இன்னொரு கதவு ஐரோவுடையது. அது சாத்தப்படவே இல்லை. இரண்டும் நியாயமான கதவுகள்தாம்.

முடியாத வழக்கு

ஜூக்கோ நெருப்பு நாட்டுக்கு மன்னனாகிறான். யுத்தம் முடிந்தது என்று அறிவிக்கிறான். அதோடு ‘சுபம்’ போட்டுவிடலாம். போடவில்லை. 2012-ல் ஜீன் லுவன் யாங் எழுதி வெளிவந்த ‘தி பிராமிஸ்’ என்ற சித்திரக் கதையில், மன்னனான ஜூக்கோ தன் நண்பன் ஆங்கிடம் ஒரு சத்தியம் வாங்குகிறான்: ‘நான் என் தகப்பனைப் போல் ஆகிவிட்டால் நீயே என்னைக் கொன்றுவிடு!’

திருந்தியவனின் மனம் இப்படித்தான் இருக்கும் போலும். ஊர் நம்பிவிட்டது, அவன் தன்னை நம்பவில்லை. அவன் முகத்துத் தழும்பும் கடைசி வரை மறையவில்லை.

இந்த விவாதம் சித்திரப் பையன் ஒருவனைப் பற்றியது என்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் சிறையிலிருந்து ஊர் திரும்பியவனுக்கு வேலை கொடுப்பதா, குடித்துக் குடித்து வீட்டை அழித்துவிட்டுக் கடைசி காலத்தில் வந்து நிற்கும் தகப்பனுக்குச் சோறு போடுவதா என்ற கேள்விகள் நம் வீட்டு வாசலுக்கும் வருகின்றன. அப்பொழுது, ‘பெரிய மனசு பண்ணிச் சேர்த்துக்கொள்’ என்று பக்கத்து வீட்டார் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சுலபமான வார்த்தை! அடி வாங்கியது அவர்களல்லவே. கதவைத் திறப்பதும் திறக்காததும் உள்ளே இருப்பவரின் உரிமை. வெளியே நிற்பவன் செய்யக்கூடியது ஒன்றுதான்: கூப்பிடும் வரை நிற்பது, நிற்கும்போது ஒழுங்காக நிற்பது.

ஜூக்கோ அப்படி நின்றான். அதனால்தான் அவன் வழக்கு இன்னும் நடக்கிறது.