விலாசம் நீண்டபோது

1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினிக்குள் இருந்த மோட்டோரோலா 68000 சிப், நினைவகத்தில் ஒரு பொருள் இருக்குமிடத்தைச் சொல்லும் எண்ணாகிய பாயிண்ட்டரை 32 பிட் அகலத்தில் வைத்துக்கொண்டாலும், அதில் 24 பிட்டுகளை மட்டுமே விலாசமாகக் கவனித்து, மேலேயுள்ள எட்டையும் ஏறெடுத்துப் பாராமல் விட்டதைக் கண்ட புரோகிராமர்கள், சும்மா கிடக்கும் திண்ணையில் நெல் காயப்போடுவதைப் போல, அந்த எட்டில் தங்கள் சொந்தக் குறிப்புகளை எழுதிவைத்தார்கள். ஆப்பிளின் சொந்த மென்பொருளே அவ்விதம் செய்தது. 128 கிலோபைட்டில் குடித்தனம் நடத்தியவர்களின் சிக்கனத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 1991-இல் வந்த சிஸ்டம் 7 இயங்குதளம், 32 பிட்டுகளையும் விலாசமாகவே வாசிக்க வழிசெய்ததும், திண்ணையில் கிடந்த குறிப்புகளெல்லாம் விலாசத்தோடு கலந்து, பழைய நிரல்களை இல்லாத ஊருக்கு அனுப்பின.

கணினிகள் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போனபோது நேர்ந்த விபரீதம் வேறு ஜாதி. விண்டோஸ் நிரல்களில் 'லாங்' என்னும் முழு எண்ணும் பாயிண்ட்டரும் நெடுங்காலம் ஒரே அளவாயிருந்தபடியால், ஒன்றை மற்றொன்றில் போட்டுவைப்பது வழக்கமாகிவிட்டது. ஜன்னலோடு பிணைத்துவைத்த தன் தரவைத் திரும்பப் பெற விரும்பியவர் அதன் விலாசத்தை 'கெட்விண்டோலாங்' என்ற அழைப்பைக் கொண்டு ஒரு லாங்காக எடுத்தார். யூனிக்ஸ் உலகம் லாங்கையும் 64 பிட்டாக நீட்டிவிட, மைக்ரோசாஃப்ட் அதை 32-இலேயே நிறுத்தி, பாயிண்ட்டரை மட்டும் வளர்த்தது. இப்போது 500 கோடி என்ற விலாசத்தை லாங்கில் திணித்தால், 429,49,67,296 கழிந்து, மிஞ்சுவது 70,50,32,704; நிரல் அந்த அந்நிய வீட்டின் கதவைத் தட்டும்.

கம்பைலர் எச்சரிக்காதா என்றால், எச்சரிக்கும். ஆனால் வெகுநாள் முன்பே யாரோ, பாயிண்ட்டரை லாங்காகவே நடத்தச் சொல்லும் ஒரு 'காஸ்ட்' எழுதி அதன் வாயை அடைத்திருப்பார். இதைவிட வஞ்சகமானது, நினைவகம் நான்கு கிகாபைட்டுக்குக் கீழேயே ஒதுக்கப்படும் வரையில் வெட்டுப்பட்ட மேல்பாதி முழுவதும் பூஜ்யமாகவே இருப்பதால், சோதனைகளில் எல்லாம் சுபமாக முடிவது. ஆகவே அனுபவசாலிகள், நினைவகத்தை உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஒதுக்கும்படி விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ஓர் அமைப்பை மாற்றிவைத்துவிட்டு, மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய நிரல் முதல் ஜன்னலைத் திறக்கும்போதே விழுகிறதா என்று காத்திருப்பார்கள்.